வகுப்பில் நான் ஆட்டிய தலை

வயதில் எனக்கு இளையவராக இருந்தும் எனக்கு எழுத்துக் காட்டிய ஞானமுத்து வாத்தியாருக்கு,

பேதி உம்மைக் கொண்டுபோய் ஏழு மாசம் ஆச்சு. உம்முடைய காலை வகுப்பு இன்னும் நான் கருப்பட்டி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில்தான் நடக்கு. கடை திறக்குமுன் ஒரு மணி நேரம், அதே கோரைப்பாய், அதே வண்டிக்காரர்கள். பாளையங்கோட்டையிலிருந்து புது வாத்தியார் வருகிறார். நல்ல படிப்பாளி, நேரம் தவறாதவர். ஆனால் செவ்வாய்க்கிழமை நடந்ததை உம்மிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

பின்னக் கணக்கு. பலகையில் ஒரு கோடு, மேலே ஒன்று, கீழே எட்டு. பக்கத்தில் இன்னொரு கோடு, மேலே ஒன்று, கீழே பதினாறு. "எல்லாருக்கும் விளங்குதா?" என்றார். "விளங்குது ஐயா" என்றோம், நானும்தான். வண்டிக்காரச் சுடலை மட்டும் எழுந்தான்.

"பதினாறுதானய்யா எட்டைவிடப் பெரிசு? பெறவு அதைச் சின்னதுன்னு சொல்லுதீங்களே?"

வாத்தியார் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார், கொஞ்சம் உரக்க. மூணாம் தடவை அவன் கேட்டபோது பின்னால் மாடசாமி, "ஒம் மாட்டுக்கிட்ட கேளு லே, அது சொல்லும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் அந்தச் சிரிப்பைத் தம்மேல் எடுத்துக்கொண்டு சுடலையைப் பார்த்துச் சொன்னார். "கேலி பண்ணுத ஆளுக்கு இங்கே இடமில்ல. வெளியே போ."

சுடலை சிலேட்டைப் பாயில் வைத்துவிட்டுப் போனான். என்னைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். என் கிட்டங்கி, நான் ஒரு வார்த்தை சொன்னால் எடுபடும். ஏன் சொல்லவில்லை? "அண்ணாச்சி, உங்களுக்கு விளங்கிச்சா?" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். எனக்கும் விளங்கவில்லை வே.

ரயிலடிச் சரக்குக் கொட்டகையில் மேஸ்திரி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சீட்டைப் படித்து நிறை பார்க்கத் தெரிய வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை சோதனை. ஒரு மாடு செத்து, இரவல் மாட்டில் வண்டி ஓட்டுகிற சுடலை அந்த வேலைக்காகத்தான் படிக்கிறான். அவனுக்கு இது வெறும் கணக்கா?

நீர் கருப்பட்டி வாங்க வந்த நாள் நினைவிருக்கா? நல்லதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர். உடைத்துக் காட்டினேன், முகரச் சொன்னேன், நாக்கில் வைத்துச் சுண்ணாம்பு கூடியிருக்கா என்று பார்க்கச் சொன்னேன். "விளங்குது, விளங்குது" என்றீர். பிறகு இரண்டை முன்னால் வைத்தேன். மட்டமானதை எடுத்தீர். நான் சிரித்தேன், நீர் சிரிக்கவில்லை.

"விளங்கலன்னா உங்க மனசு நோகுமேன்னு தலையாட்டினேன். நீங்களும் எனக்குத் தெனமும் இதத்தான் செய்யுதீங்களோ?"

மறுநாளிலிருந்து "விளங்குதா" என்று கேட்பதையே விட்டீர். எங்களையே சொல்லிக் காட்ட வைத்தீர். தப்பாகச் சொன்னவனைப் பார்த்துச் சிரிக்க யாரையும் நீர் விட்டதில்லை. புது வாத்தியாருக்கு இதை யார் சொல்வது?

இன்று காலையும் அதே பின்னம். "விளங்குதா?" "விளங்குது ஐயா." நான் எழுந்தேன்.

"எனக்கு விளங்கல ஐயா. செவ்வாய்க்கிழமையும் விளங்கல. அன்னைக்குத் தலையாட்டினது பொய்."

"நீங்களுமா அண்ணாச்சி கேலி பண்ணுதீங்க?"

"கேலி இல்ல. சுடலையும் கேலி பண்ணல. எனக்கு இருந்த சந்தேகத்தத்தான் அவன் கேட்டான்."

வாத்தியார் சுண்ணாம்புக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தார். போய்விடுவார், வகுப்பு இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். பைய வந்து என் எதிரே பாயில் உட்கார்ந்தார்.

"எந்த எடத்துல வச்சு விளங்காமப் போச்சு?"

"கோடு போட்ட எடத்துல."

"எனக்கும் அங்கனதான் ஐயா" என்றான், மாட்டிடம் கேட்கச் சொன்ன அதே மாடசாமி.

வாத்தியார் என் சிலேட்டை வாங்கி எழுதிக் காட்டினார். "எட்டுல ஒரு பங்க அரைக்கால்னும் பதினாறுல ஒரு பங்க வீசம்னும் சொல்லுவீங்கள்லா? அதைத்தான் இப்படி எழுதுதோம்." கிட்டங்கியே "அட" என்றது. அரைக்காலில் பாதி வீசம் என்பது எங்களில் எவனுக்குத் தெரியாது?

வகுப்பு முடிந்ததும், "சுடலையை வரச் சொல்லுங்க" என்றார்.

"போன்னு சொன்னது நீங்க. கூப்பிடுததும் நீங்களா இருக்கணும்."

வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வெயிலில் நின்றார். நான் பூட்டை எடுத்தேன். "வண்டிப்பேட்டைக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். சுடலை பாரம் ஏற்றிக்கொண்டிருந்தான். தப்பு தம்முடையது என்று சொல்லி வாத்தியாரே அவனை வகுப்புக்குக் கூப்பிட்டார், அவன் கேட்டுக்கொண்டான். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாளை அவன் வந்தால் அவன் பக்கத்தில் உட்காருவேன். வராவிட்டால் சிலேட்டோடு நான் பேட்டைக்குப் போவேன், வெள்ளிக்கிழமை வரைக்கும். விளங்காததற்கு இனி என் தலை ஆடாது. இது உமக்குத் தரும் வாக்கு.

உம்மைத் தம்பி என்று கூப்பிடக் கடைசிவரை கூச்சப்பட்ட உம் அண்ணன்,
கருப்பட்டிக்கடை சங்கரலிங்கம்