முன் அறைக்கு வந்த வாடகைக்காரி

அத்தை, இன்றைக்குக் காலையில் பெரகல சந்திக்கு மேலே ஒரு வீடு பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் புதுப் பெயின்ட் வாசம் குப்பென்று அடித்தது. "பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு" என்று தரகர் சுவரைத் தடவிக் காட்டினார். நான் மூக்கைச் சுவரோடு வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பெயின்டுக்கு அடியில் பழைய ஈர வாசம். "மழைத்தண்ணி இறங்குற சுவரு. மேல பூசி மறைச்சிருக்கீங்க" என்றேன். மனுசன் ஆடிப்போய், "சார் எஞ்சினியரா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் ஒருத்தர் அப்படிக் கேட்டால், எதற்கு வலியப் போய் மறுக்க வேண்டும்? ஆனால் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து உங்கள் ஞாபகம்தான். பேச்சை நம்பாமல் ஈரத்தைச் சோதித்துப் பார்த்து வீடு வாங்கிய ஆளை நான் முதலில் கண்டது உங்களைத்தானே.

தொண்ணூறுகளின் கடைசி அது. பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்ந்து, உங்களுக்கு ஈ.பி.எப். சேமிப்புக் காசு கைக்கு வந்திருந்தது. நான் பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சேல்ஸ்மேன். சேல்ஸ்மேன் என்று பேர்தான், கடை நின்றது என் தோளில். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். உங்கள் மகன் அந்தக் காசில் ஆள் ஏற்றி ஓட்ட ஒரு வான் வாங்கலாம் என்றான். நான், டவுனில் ஒரு வீட்டை வாங்கி அறை அறையாக வாடகைக்கு விடலாம் என்றேன்.

"வான் ஓடினா தினம் காசும்மா. மச்சான் சொல்ற வீடு சும்மா நிக்கும்."

"உன் வான் அஞ்சு வருசத்துல இரும்புக் கடைக்குப் போயிரும். அப்ப நான் எங்கடா போறது?" என்று அவனை உட்கார வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "மாப்பிள்ளை, இதுதான் என் கடைசிக் காசு. இது போச்சுன்னா மறுபடியும் தோட்டத்து லயத்துக் காம்பராவுல மருமக கால்மாட்டுலதான் படுக்கணும். நெனப்புல இருக்கட்டுங்க."

அந்த 'ங்க'வில் மரியாதையும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

முதலில் நான் காட்டியது அப்புத்தளை வீடு. வானம் வெளுத்தால் முற்றத்தில் நின்றே தெற்குக் கடலைப் பார்க்கலாம். கப்பல்கூடத் தெரியும் என்றேன். கப்பலில் இருப்பவர்களின் முகம் தெரியும் என்று சொல்லாததுதான் குறை. நீங்கள் கடலைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து, நனைத்துப் பிழிந்த துவாய்த் துண்டு ஒன்றை எடுத்து வேலியில் விரித்துவிட்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டீர்கள். பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் துவாயைத் தொட்டுப் பார்த்தீர்கள். "கொண்டு வந்ததைவிட ஈரமா இருக்கு மாப்பிள்ளை. இது மேகம் குடியிருக்கக் கட்டின வீடு. வாடகைய மேகத்துக்கிட்டயா கேக்கப் போறீங்க?"

எத்தனை வேலியில் அந்தத் துவாய் தொங்கியது! கடைசியில் பண்டாரவளையில் ஒரு வீட்டுக்குப் போனோம். அழகு என்று ஒன்றுமில்லை. தகரக் கூரை, கோணல் படி, பக்கவாட்டில் மூன்று அறைகள். பக்கத்து வீட்டுக்காரியோடு நீங்கள் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் துவாய் பொரித்த அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. எனக்கு முகமெல்லாம் பல். நீங்கள் என் முழங்கையைக் கிள்ளி, "சிரிக்காதீங்க, வெல ஏறும். மூஞ்சியக் கொஞ்சம் சுருக்குங்க" என்றீர்கள். சுருக்கினேன். என் முகம் போன போக்கைப் பார்த்தே வீட்டுக்காரர் விலையை இறக்கினார் என்பது இன்றுவரை என் கட்சி.

உங்கள் காசு போக மிச்சத்துக்கு வங்கிக் கடன். வீட்டு உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில், கடன் என் பெயரில், பிணைக்குக் கடை முதலாளி. மேனேஜர் முன்னால் நான் நெஞ்சை நிமிர்த்தி, மூன்று அறை வாடகையையும் கூட்டிச் சொன்னேன். நீங்கள் குறுக்கே புகுந்தீர்கள். "அப்படி இல்லைங்க சார். ரெண்டு அறை வாடகையிலயே தவணை கட்டிரணும். மூணாவது அறை இல்லேன்னே வச்சுக்குவோம். ஆளு வராத மாசமும் வருமில்ல?" மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இப்படி யோசிக்கிறவங்களுக்குத்தான் நாங்க கடன் குடுக்கணும்" என்றார். இதை வெளியில் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்துச் சொன்னதாகத்தான் சொல்கிறேன், அத்தை. பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்து நாற்காலிதானே.

சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நீங்கள் குடியேறினீர்கள். மூன்று அறைக்கும் கடைகளில் வேலை செய்கிற இளந்தாரிகள் வந்தார்கள். வந்த மறுநாளே ஆரம்பமாகிவிட்டது. ஆயுசு முழுக்க விடியுமுன்னே தோட்டத்துப் பெரட்டுக்கு ஓடி, வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போன உடம்பு உங்களுடையது. அடுத்தவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு அது சும்மா இருக்குமா? இருட்டிலேயே கதவு கதவாகத் தட்டினீர்கள். "தம்பி, நேரமாச்சு! வேலைக்குப் போகலயா?"

"ஆன்ட்டி, கடை திறக்கிறது ஒன்பது மணிக்கு."

"அதுக்கு? ஒன்பது மணி வரைக்கும் படுத்திருந்தா ஒடம்பு என்னாகிறது?"

ஒருவன் என்னைக் கடையில் வந்து பிடித்தான். "அண்ணே, வாடகையும் குடுத்து, கங்காணிக்கும் பயந்து நம்மளால இருக்க முடியாது." ஒருவர் பின் ஒருவராக மூவரும் போனார்கள். ஒரு அறை காலியானால் என்ன செய்வது என்று யோசித்த நாம், மூன்றும் காலியானால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. அந்த மாதத் தவணைக்கு என் கசெட் ரேடியோவை விற்றேன். கேட்பவர்களிடம் கலர் டீவி என்று சொல்லி வைத்திருக்கிறேன், காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகன் வந்து, "வித்துரலாம்மா. வானுக்கு இப்பவும் நேரம் போயிரல" என்றான்.

"வித்தா என்னையும் சேத்துத்தான் விக்கணும். வாங்குறவன் பாவம்டா" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். ஆனால் அன்றைக்கு நீங்கள் வெற்றிலைப் பையைத் தொடவேயில்லை. நான் கவனித்தேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று நர்ஸ் பிள்ளைகள் வந்தார்கள். நான் அறைகளின் பெருமையை எடுத்துவிடத் தொடங்கினேன். அவர்கள் அறைப் பக்கமே திரும்பாமல் நேரே பின்பக்கம் போய், வெயிலில் ஆடிய உடுப்புக் கொடியைப் பார்த்தார்கள். இருந்த இடத்தில் வெள்ளை யூனிபோர்ம் காயாமல், அடுப்பில் வாட்டி உடுத்திக்கொண்டு போன பிள்ளைகளாம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

நான் மெதுவாக உங்கள் காதில், "அத்தை, உங்களக் கும்பிடுறேன், இவங்களையாவது எழுப்பாதீங்க" என்றேன். அது அவர்களில் ஒருத்தியான யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது.

"என்னண்டு? விடிய எழுப்பி விடுவியளோ அம்மா? ஐயோ, அது பெரிய உதவி! அலாரம் அடிச்சாலும் நான் எழும்பமாட்டன். பிந்திப் போய் மேட்ரனிட்டை ஒவ்வொரு நாளும் பேச்சு."

நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் என் உடம்பு பாதியாக இளைத்தது. அதற்குப் பிறகு ஒரு நர்ஸ் போனால் அவளே அடுத்தவளைக் கொண்டுவந்து விட்டாள். நான் 'வீடு வாடகைக்கு' என்று போர்டு எழுதிய பலகையை நீங்கள் அடுப்பில் வைத்து எரித்துவிட்டீர்கள்.

சில வருசங்களில் கடன் முடிந்தது. உறுதியை வங்கியிலிருந்து எடுத்து வந்து உங்கள் மடியில் வைத்து, "கேளுங்க அத்தை, என்ன வேணும்?" என்றேன். தங்கச் சங்கிலி கேட்பீர்கள் என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"முன் அறை அடுத்த மாசம் காலியாகுது. எனக்கு வாடகைக்குக் குடுப்பீங்களா?"

"உங்க வீடு அத்தை!"

"வீட்டுக்காரியா இருந்து பாத்தாச்சு. வாடகைக்காரியா இருந்து பாக்கணும். லயத்துல கூரை ஒழுகினா ஆபீஸ்ல போய்ச் சொல்லுவோம். நாளைக்குப் பாக்கலாம்பாங்க. அந்த நாளை என் ஆயுசுல வரல மாப்பிள்ளை."

முற்பணம் வைத்து முன் அறைக்கு வந்தீர்கள். மறுநாளே கடைக்கு ஆள் வந்தது. ஓடினேன். நல்ல சேலை கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"வீட்டுக்காரரே, ஜன்னல் கொண்டி பிடிக்கல. காத்து வருது."

"நாளைக்கு வந்து பாக்கிறேன் அத்தை."

"அத்தை இல்ல, வாடகைக்காரி. இன்னைக்கே."

கொண்டியைக் கழற்றி மாற்றிக் கொடுத்தேன். நீங்கள் எழுந்து அதைப் போட்டீர்கள், திறந்தீர்கள், மறுபடி போட்டீர்கள். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். அதன்பின் வாரம் ஒரு முறைப்பாடு. பாதி நீங்களாக இட்டுக் கட்டியது என்பது எனக்குத் தெரியாதென்றா நினைத்தீர்கள்? எல்லாவற்றுக்கும் வந்தேன். அந்த அறையிலேதான் ஒரு விடியலில் கண்ணை மூடினீர்கள். அந்த மாத வாடகையையும் கொடுத்துவிட்டுத்தான் போனீர்கள்.

இப்போது நமக்கு வீடு நாலு. ஊருக்குள் ஏழு என்று பேச்சு, யார் கிளப்பிவிட்டதோ தெரியாது. எந்த வீட்டிலிருந்தாவது "அங்கிள், பைப் ஒழுகுது" என்று போன் வந்தால் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். "மழையில எதுக்கு? நாளைக்குப் போனா என்னவாம்?" என்று உங்கள் மகள் வாசல் வரை வந்து கத்துவாள்.

"இன்னைக்கே" என்று சொல்லிக்கொண்டே படியிறங்குவேன், அத்தை.