நாலாவது அடி

ஜூன் 12, புதன்

பெட்டிகள் வந்துவிட்டன. மாவட்டத்து அரசுப் பள்ளிகள் அத்தனைக்கும் டிஜிட்டல் பலகை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று ஒன்பதாம் வகுப்புச் சுவரில் மாட்டியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு நாற்பது டேப்லெட் வேறு. மாட்ட வந்த மாவட்ட அலுவலகத்து அம்மாவின் கழுத்தில் எப்போதும் கேபிள் தொங்குகிறது; பிள்ளைகள் அதற்குள் அவரை 'ஒயர் அக்கா' ஆக்கிவிட்டார்கள். பாடம் நடக்கும்போது பலகையின் கேமராவே படமும் சத்தமும் பதிந்து அலுவலகத்துக்கு அனுப்பிவிடுமாம், மற்றப் பள்ளிகளுக்குப் போட்டுக் காட்ட.

மற்ற ஆசிரியர்களுக்குப் பழக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியை என் தலையில் கட்டிவிட்டார். உள்ளுக்குள் சந்தோஷம்தான். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 13

சொன்னேன். "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் யார்கூட பயிற்சி?" என்று மட்டும் கேட்டார். பிறகு அலமாரிக் கதவைச் சாத்தினார். என் விரல்கள் உள்ளே இருந்தது அவருக்குத் தெரியும்.

ஜூன் 14

மோதிர விரலும் நடுவிரலும். கட்டைப் பார்த்துக் கேட்டவர்களிடம் கார் கதவு என்றேன். அவர் கார் ஓட்டப் பழக்குபவர். கற்றுக்கொள்பவர் பத்து முறை வண்டியை நிறுத்திவிட்டாலும் முகம் சுளிக்க மாட்டார் என்று ஊரே சொல்லும். "அவ்வளவு பொறுமையான மனுஷன் வண்டியிலயா?" என்று கணக்கு டீச்சர் ஆச்சரியப்பட்டார்.

ஜூன் 26

பலகையில் என்ன வந்தாலும் வகுப்பே சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன். வாயே திறக்காத கடைசி பெஞ்சு கூடக் கத்துகிறது. நுரையீரல் விரிந்து சுருங்குவதைப் பார்த்த ஒருத்தி தன் விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இதற்குத்தானே இந்த வேலைக்கு வந்தேன்.

வீட்டுக்கு இருபது நிமிடம் தாமதம். வயிற்றில் இரண்டு குத்து. முகத்தில் இல்லை. நாளை பள்ளி இருக்கிறதே.

ஜூலை 3

இடுப்பில் உதை. ஆறு பீரியடும் நின்றே நடத்தினேன்.

ஜூலை 9, செவ்வாய்

இதை எழுதி வைக்க வேண்டும்.

பள்ளி இணையம் வேலை செய்யவில்லை. என் போனைப் பலகையோடு இணைத்து இதயப் பாடம் நடத்தினேன். படத்துக்கு மேலே அவருடைய மெசேஜ்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

ஃபோன் எடுக்க மாட்டியா.
வீட்டுக்கு வா.
போன தடவை விரல். இந்தத் தடவை கை.

வாசித்துப் பழகிய வகுப்பு. வாசித்தது. 'விரல்' வரை நாற்பது குரல். 'இந்தத் தடவை' பாதிக் குரல். 'கை' என்றது ஒருத்தன்தான், அவனும் வாயைப் பொத்திக்கொண்டான். எல்லோரும் என் விரல் கட்டையே பார்த்தார்கள்.

பலகையை அணைத்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இதயத்துக்கு எத்தனை அறை?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் 'அறை' என்ற சொல் எனக்கே காதில் விழுந்தது.

சொந்தப் போனை இணைப்பது விதிமீறல் என்று தலைமையாசிரியை ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அவரே ஆட்டோ பிடித்து என்னை அக்கா வீட்டில் இறக்கிவிட்டார்.

மாலை ஒயர் அக்கா கூப்பிட்டார். இணையம் வந்ததும் பதிவு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாம். "அழிச்சிடவா, வச்சிருக்கவா? நீங்க சொல்றதுதான்." நாளை சொல்கிறேன் என்றேன். மானம் போகிறதே என்று நினைத்தேன். யார் மானம்?

ஜூலை 13

இடது கையால் எழுதுகிறேன். மருத்துவமனை. சொன்னதைச் செய்துவிட்டான்.

பத்தாம் தேதி, இரண்டாம் பீரியட். காவலாளியிடம் சிரித்துப் பேசிவிட்டு உள்ளே வந்திருக்கிறான். வகுப்புக் கதவைச் சாத்தினான். முதலில் இரும்பு நாற்காலியைத் தூக்கிப் பலகையில் அடித்தான். கண்ணாடி முன் பெஞ்சுவரை சிதறியது. பிறகு என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், ரெண்டு தடவையா, மூணு தடவையா, தெரியல. வலது கையைப் பின்னால் முறுக்கினான். எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டது. முன் பெஞ்சுக்காரி அலறினாள். "உட்காருடீ" என்று அவள் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினான்.

மேசையில் டேப்லெட் இருந்தது. இடது கையால் எடுத்தேன். முதல் அடி புருவத்தில். இரண்டாவது காதில். மூன்றாவதில் மண்டியிட்டு விழுந்தான். தரையில் கிடந்தான், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு. அப்போதும் அடித்தேன்.

அந்தப் பெண்தான் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "போதும் மிஸ்."

ஜூலை 15

ஒயர் அக்கா பார்க்க வந்தார். திரைதான் நொறுங்கியதாம்; மேலே இருந்த கேமரா கடைசிவரை பார்த்திருக்கிறது. "நீங்க அடிச்சதும் இருக்கு. நாலும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"ரெண்டு நாள் பதிவும் வைங்க. வெட்டாம வைங்க."

ஆகஸ்ட் 6

அவன் மேல் போலீஸ் வழக்கு, என் மேல் துறை விசாரணை. அதிகாரி பதிவை இரண்டு முறை பார்த்தார். பிறகு கேட்டார்: "மூணு அடி புரியுது. நாலாவது எதுக்கும்மா?"

தெரியவில்லை என்றேன். பொய். விழுந்து கிடப்பவனை அடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? அக்காவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20

அவனுக்கு ஜாமீன் மறுத்துவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கை, இடமாற்றம். விடைபெறப் போனபோது முன் பெஞ்சுக்காரியின் தலையைத் தொடக் கையை நீட்டினேன். சட்டென்று குனிந்து ஒதுங்கினாள். பிறகு அவளே வெட்கப்பட்டு அருகில் வந்தாள்.

செப்டம்பர் 18

கட்டு பிரித்தாயிற்று. கை முழுதாக நீளவில்லை. புதிய பள்ளியிலும் பயிற்சிப் பொறுப்பு எனக்கே. வேறு யாருக்கும் தெரியாதாம். இன்று பன்னிரண்டு பேருக்குப் பலகையை இயக்கக் காட்டினேன். என் கதை எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை.

முடிந்ததும் நூலகத்து டீச்சர் மட்டும் போகாமல் நின்றார். இந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டுவரை மூடிய ரவிக்கை. கேபிளைச் சுற்றித் தருவதுபோல் பக்கத்தில் வந்தார்.

"மிஸ், படம் மட்டும்தானா, இல்ல சத்தமும் பதியுமா?"

"சத்தமும் பதியும்."

தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. போய்க் கதவைச் சாத்திவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.