வரிசையில் இரண்டாவது

என் தங்கச்சிக்கு,

இன்று சங்கத்தில் இருந்தவர்கள் தலைவர், மருந்துக் கடைக்காரர், வேன் டிரைவர், நான். வெளியே பெஞ்சில் ஒரு தையல்காரப் பெண். நாங்கள் இரவல் கொடுக்கும் ஆக்சிஜன் மெஷின் ஒன்று திரும்பி வந்திருந்தது. வரிசையில் முதலில் அவள் அப்பா, அடுத்தது உன் வீட்டுக்காரர்.

சொந்தக்காரர் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போக வேண்டும் என்பது நானே வற்புறுத்திக் கொண்டுவந்த விதி. போய் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"அக்கா, உள்ள என்ன பேசுறாங்க? அப்பா மூச்சுக்குத் தவிக்கிறதப் பார்த்தா எனக்கே மூச்சு நின்னுடுது" என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். "உங்க தங்கச்சி வீட்டுக்கே அனுப்பிடலாம்மா. இத்தனை வருஷம் ஓடியாடி உழைச்சிருக்கீங்க, யாரு கேக்கப் போறா?" என்றார் தலைவர்.

"வெளிய உட்கார்ந்திருக்காளே, அவ கேப்பா" என்றேன்.

"நல்ல அக்காம்மா நீங்க!" என்று கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேன் தையல்காரி வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த மெஷின் ஒரு வாத்தியார் வீட்டில் இருக்கிறது. அவர் சீக்கிரம் தேற வேண்டும் என்று கடவுளிடம் மன்றாடினேன். வேறு விதமாகவும் அது திரும்பி வரலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

உன் வீட்டுக்காரருக்கு மூச்சு திணறினால் காத்திராதே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. நேற்று இரவு அவர் படுத்துத் தூங்கினாரா, உட்கார்ந்தேதானா? என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு. ஆனால் இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் வேன் டிரைவர் கையிலேயே பதில் கொடுத்தனுப்பு.

உன் அக்கா