தாழ்ப்பாள் போட்டது யார்

என் அத்தைக்கு,

நீங்கள் இல்லாமல் வந்த முதல் சாரல் இது. குற்றாலத்தில் கூட்டம் நெரிகிறது. நான் சமைக்கும் விடுதியில் ஒரு அறைகூடக் காலியில்லை. பொழுது சாய்ந்துதான் மேலகரம் திரும்புகிறேன். கதவைத் திறக்கும்போது, "ஏட்டி, வந்துட்டியா" என்று உள்ளேயிருந்து கேட்கும் என்று ஒரு நொடி நின்றுவிடுகிறேன். இன்னும் பழகவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் தென்காசியில் ஒரு கூட்டம். எங்கள் மகளிர் குழுவிலிருந்து போயிருந்தோம். கடைக்காரர்கள், சந்தை வியாபாரிகள் என்று ஆண்களையும் அழைத்திருந்தார்கள். குடும்பத்துக்குள் நடக்கும் அடிதடி பற்றி ஒரு பெண் அதிகாரி பேசினார். திரையில் கட்டம் கட்டமாகக் கணக்கு. பெண்களுக்கு உயரமாக ஒரு கோடு, ஆண்களுக்குக் குட்டையாக ஒரு கோடு.

அப்போது பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி எழுந்தார். "பொம்பளையளும்தான் அடிக்காவ. அதை ஏன் மேடம் இம்புட்டூண்டு போட்டிருக்கீய?" என்றார். சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்த அதிகாரி மழுப்பவில்லை. "உண்மைதான் அண்ணாச்சி. கை ஓங்கியது யாருன்னு மட்டும் கேட்டா, ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. ஆனா எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரிக்கு வந்தது யாரு, உயிரு போனது யாருக்குன்னு கேட்டா, கணக்கு பொம்பளைங்க பக்கமா சாஞ்சிடுது. அதே சமயம் அடி வாங்குற ஆம்பளைங்க வெட்கப்பட்டு வெளிய சொல்றதில்ல. நாங்களும் அவங்ககிட்ட அவ்வளவா கேக்குறதில்ல. அதனால அந்தச் சின்னக் கோடு முழு உண்மைன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

எனக்கு அந்தத் திரை மறைந்துவிட்டது அத்தை. காவல் நிலையத்து பெஞ்சில் கைக்குழந்தையாக இருந்த என் மணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நீங்கள்தான் தெரிந்தீர்கள்.

அன்று என் கையில் கட்டு. உங்கள் மகன் நெற்றியில் பிளாஸ்திரி, நான் சொம்பை வீசியதில் பட்ட காயம். அவர் அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "அவளும்தான் சார் அடிச்சா." எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை மூடினார். "ரெண்டு பேரும் அடிச்சிருக்கீங்க. சரிக்குச் சரியாப் போச்சு. வீட்டுக்குப் போய் சமாதானமா இருங்க."

நான் கிளம்பத் தயாராகிவிட்டேன். சரிக்குச் சரி என்று அவர் சொன்னபோது எனக்கே அது சரி என்று பட்டது. சொம்பை வீசியது நான்தானே.

நீங்கள் எழுந்தீர்கள். பெற்ற மகனுக்காகப் பேசப் போகிறீர்கள் என்று எல்லாரும் நினைத்தோம். உங்கள் மகனும் அப்படித்தான் நினைத்திருப்பார். குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றீர்கள்.

"ஏலே, நீ வண்டியை விட்டு இறங்குத சத்தம் கேட்டா, இவ பிள்ளையைத் தூக்கிட்டு உள்ள போயி தாப்பா போடுதா. இவ வாற சத்தம் கேட்டு நீ என்னைக்காவது தாப்பா போட்டிருக்கியாலே?"

அவர் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்த கையைக் கீழே இறக்கினார். நீங்கள் போலீஸ்காரர் பக்கம் திரும்பி, "எழுதுங்க சார். இவன் என் மகன்தான். அடிச்சது இவன்தான். நான் பாத்தேன். எங்கன கையெழுத்துப் போடணும்?" என்றீர்கள்.

அன்று சாயங்காலம் அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தீர்கள். மடித்துக்கொண்டே அழுதீர்கள். "இனி அவன் இங்கன இருக்க வேண்டாம். நீ இரு" என்று மட்டும் சொன்னீர்கள். சொந்தக்காரர்கள் படியேறுவதை நிறுத்தினார்கள். நாத்தனார் தன் மகள் சடங்குக்குக்கூட நம்மை அழைக்கவில்லை. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் போய்த் தங்கிய புனலூர்ப் பக்கமிருந்து யார் வந்தாலும், "அவன் நேரத்துக்குச் சாப்பிடுதானாமா?" என்று கேட்பீர்கள்.

அந்தத் தாழ்ப்பாள் கேள்வி உங்களுக்கு எங்கிருந்து வந்தது அத்தை? நானே கவனிக்காத என் பயத்தை நீங்கள் எப்படிக் கவனித்தீர்கள்? மாமா இருந்த காலத்தில், இதே வீட்டில், நீங்களும்…? கேட்காமலே இருந்துவிட்டேன்.

கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். எனக்கு மேடையெல்லாம் பழக்கமில்லை, தெரியுமே. பேர் எதுவும் சொல்லாமல், என் மாமியார் ஒரு நாள் இப்படிக் கேட்டார்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கை தட்டவில்லை யாரும். பக்கத்தில் இருந்த பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், இடைவேளை வரும்வரை விடவில்லை.

இடைவேளையில் டீ வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். அந்தப் பாவூர்சத்திரத்து அண்ணாச்சி வந்தார். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"தங்கச்சி, நான் கடையிலதான் படுக்கேன். ஷட்டரை உள்பக்கம் பூட்டிக்கிட்டு."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சட்டைக் கையை மேலே தள்ளினார். கொதிக்கிற எதையோ ஊற்றிய தழும்பு, முழங்கை வரைக்கும். "வெளிய சொன்னா சந்தையே சிரிக்கும். நீங்க சொன்னதுல, பயப்படுதது யாருன்னுதானே கேட்டாவ உங்க மாமியார். ஆம்பளையா பொம்பளையான்னு கேக்கலையே" என்றார்.

அத்தை, எனக்காக நீங்கள் கேட்டது. அந்த ஒரு கேள்வி, முன்பின் தெரியாத ஒரு ஆணின் சட்டைக் கையையும் விலக்கிவிட்டதே. அந்த உயரக் கோட்டில் நான் இருக்கிறேன். குட்டைக் கோட்டில்கூட இடம் இல்லாமல் போன ஒருவர் என் எதிரே நிற்கிறார். எங்கள் இரண்டு பேரையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் படித்தவர் நீங்கள். படிப்பு இதற்கு என்ன செய்யும், பார்க்க மனசு வேண்டும் என்று தோன்றுகிறது.

அவரை அந்த அதிகாரியிடம் கூட்டிப்போனேன். தனி அறையில் உட்காரவைத்துப் பேசினார். மறுபடி வரச் சொன்ன நாளில் அண்ணாச்சி தன் தம்பியோடு போயிருக்கிறார். இப்போது அந்தத் தம்பி வீட்டில்தான் இருக்கிறாராம்.

நீங்கள் போனபோது உங்கள் மகன் வந்து கொள்ளி வைத்தார். காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது முற்றத்தில் நின்று, "அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சா?" என்று கேட்டார். "சாப்பிடுதானான்னு கேட்டாங்க" என்றேன். அந்த மனிதர் அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பயம் வரவில்லை அத்தை.

இன்னொரு சேதி. மணிக்குப் பெண் பார்த்தாயிற்று. பண்பொழிப் பெண், செங்கோட்டையில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். தை மாதம் அவள் ஊர்த் திருமலைக் கோயிலில் கல்யாணம். மணி நல்ல பையன், குரல் உயர்த்தத் தெரியாதவன். "உன் வீட்டுக்காரனும் இந்த வயசுல நல்லவனாத்தான் இருந்தான்" என்று நீங்கள் ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது.

அந்தப் பெண் ஒரு நாள் வீங்கிய முகத்தோடு என் முன்னால் வந்து நின்றால்? நினைத்துப் பார்த்தேன். என் மணி, நான் பெற்றவன், அடித்தது இவன்தான் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? அப்போதுதான் தெரிந்தது, அன்று அந்த பெஞ்சிலிருந்து எழுந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று. இத்தனை வருஷம் கூடவே இருந்து, உங்கள் கையால் சாப்பிட்டு, எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அப்படி ஒரு நாள் வரக் கூடாது. வந்தால், உங்களைப் போலவே எழுந்து நிற்பேன் அத்தை. அவள் பக்கம் நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மகனை விட்டும் உங்களை விடாத மருமகள்,
செல்வி