உன் தொப்பி கிளையில்தான் இருக்கிறது

கலமாத்தா,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை ரூபினிக்கு,

உன் அக்கா ஸ்தமாத்தா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டேன். மெல்போர்னில் விடாத மழை, மருமகள் புது சோபா வாங்கினாள் என்பதற்கெல்லாம் பிறகு போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அந்த வரியை. அதற்குப் பதில் இந்தக் கடிதத்தின் முடிவில் இருக்கிறது. உன் குணம் எனக்குத் தெரியும், தாவிப் போய் அதை முதலில் படிக்காதே. போனில் பேசினால் நீ அழுவாய், நான் திட்டுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே கடற்கரையில் ஒரு சண்டை. கேட்டிருந்தால் நீ விமானம் ஏறி வந்திருப்பாய்.

குளிர்காலத்தில் என் இடது மார்பை எடுத்தார்கள், கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்த இடம் சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரி இருக்கிறது. டாக்டர் பெண் சொன்னது ஒன்றுதான். "கடல்ல தாராளமா எறங்குங்க. ஆனா அந்த எடத்துல வெயில் மட்டும் படவே கூடாது." ஆகவே கரையிலுள்ள சிறுசவுக்கு மரத்தடி நிழல் இருந்தால் எனக்குக் கடல் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உன் அத்தானின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீந்துகிறேன். கரையேறியதும் ஈரத்தைக் களைந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு நிழலில் உட்கார வேண்டும்.

உன் அத்தான் மிட்சோஸ், இந்த வருடம் கடலே வேண்டாம் என்றார். "ஊரே பாக்கும், ஸ்தமாத்தா" என்றார். ஊர் பார்ப்பது இருக்கட்டும், அவரே இன்னும் பார்க்கவில்லை. நான் உடை மாற்றும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறார். அந்த மனிதருக்கு இவ்வளவு தாகம் எடுத்து நான் கண்டதில்லை.

நான் போனேன். முதல் நாளே துண்டு நழுவிவிட்டது. பக்கத்தில் இருந்தது நம் கலிரோயி, பழைய மீன்கடைக்காரி, வாயில் பூட்டு கிடையாது. நன்றாகப் பார்த்தாள். கண் படாமல் இருக்க மூன்று முறை துப்பினாள். "ஒரு பக்கம் பாரம் கொறஞ்சு போச்சுடி. இனிமே நீ நேரா நீந்த மாட்டே, வட்டமாத்தான் சுத்துவே" என்றாள். ரூபினி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு அழுதேன். அவள் எனக்கு ஒரு கீற்று தர்ப்பூசணி கொடுத்தாள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். கரையோரக் காப்பிக்கடையைச் சாக்கிஸ் என்று ஒருவன் எடுத்திருக்கிறான். கழுத்தில் தங்கச் சங்கிலி, பல் முழுக்கச் சிரிப்பு. நாங்கள் பெண்கள் எல்லோரும் காலையில் குளித்துவிட்டு, மதியச் சமையலுக்கு வீட்டுக்கு ஓடுவோம், சாயங்காலம் திரும்பி வருவோம் என்பதைக் கவனித்து வைத்திருக்கிறான். தொப்பியைக் கிளையில் மாட்டிவிட்டுப் போனால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம், நம் அம்மா காலத்திலிருந்து அப்படித்தானே. ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தால் மரத்தடி முழுக்க அவனுடைய வாடகைச் சாய்வுப் படுக்கைகள். தொப்பிகள் எல்லாம் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் கசங்கிக் கிடந்தன. என் தொப்பி, அதன் கீழே உன் தொப்பி. போன முறை வந்தபோது நீ விட்டுவிட்டுப் போன நீல நாடாத் தொப்பிதான். நான் தினமும் அதை என்னுடையதோடு மாட்டுகிறேன்.

"அம்மா, நெழலு இனிமே படுக்கையோட சேர்ந்தது" என்றான் சாக்கிஸ். "அந்தக் கோடியில எடம் தாராளமா இருக்கு பாருங்க." அந்தக் கோடியில் ஒரு புல்கூட முளைக்காது, அவ்வளவு வெயில்.

மறுநாள் காலை, கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நின்று பேசினோம். எங்கள் நாடாளுமன்றம் எப்போதும் தண்ணீரில்தானே கூடும். முனிசிபாலிட்டிக்கு மனு போடலாம் என்றாள் ஒருத்தி. "மனு போட்டா மார்கழியில பதில் வரும், அப்போ நெழலு எதுக்கு?" என்றாள் கலிரோயி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் எங்கள் நிழலைத் திருடவில்லை, எங்கள் அடுப்பை நம்பிப் படுக்கை போட்டிருக்கிறான். நாளைக்கு மதியம் யாரும் வீட்டுக்குச் சமைக்கப் போகக் கூடாது என்றேன். நாற்பது வருடமாக மதியச் சாப்பாடு தவறாத வீடுகள்.

மறுநாள் விடியும்போதே, படுக்கைகள் வெளியே வருவதற்கு முன்னால், ராத்திரியே சமைத்து வைத்த பானைகளோடு போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். சோறு அடைத்த தக்காளி, பீன்ஸ் குழம்பு, ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி. தர்ப்பூசணிகள் குளிர்வதற்காகக் கடலோரத்தில் கல் அணைத்துக் கிடந்தன. மதியம் வந்தது, ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. சாக்கிஸின் கடைப் பையன்கள் படுக்கைகளைத் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள், பிறகு இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

அடுத்து புருஷன்மார்கள் வந்தார்கள், காலி மேசையைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக. உன் அத்தான் சட்டைப் பையில் ஒரு முள்கரண்டியைச் செருகிக்கொண்டு வந்தார். மனைவியைத் தேடி வந்தாராம்.

சாக்கிஸ் துறைமுகப் போலீஸைக் கூப்பிட்டான். வந்தவர் இளைஞர். துண்டு விரிக்கக் கடற்கரையில் யாருக்கும் உரிமை உண்டு, அதில் தான் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். சாக்கிஸுக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, "எல்லாரும் இருக்கட்டும் சார், இந்தம்மாவையாவது போகச் சொல்லுங்க. துண்டு வெலகறப்போ பாக்கறவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குல்ல? நோயாளிங்க வர்ற எடமா இது?" என்றான்.

அப்போதுதான் நான் தண்ணீரிலிருந்து வந்திருந்தேன். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. துண்டைத் தேடவில்லை. ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, சட்டையைப் பிழிந்து, கிளையில் காயப்போட்டேன். திரும்பி நின்றேன், இருப்பதும் இல்லாததும் தெரியும்படி. "நல்லா பாத்துக்க, தம்பி. இதுல வெயில் படக் கூடாதாம், டாக்டர் சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் இந்த மரம்" என்றேன். 

போலீஸ்காரர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் உன் அத்தானைத்தான் பார்த்தேன். அந்த ஆள் இப்போது எங்கே போய்த் தண்ணீர் குடிப்பார் என்று பார்த்தேன். அவர் போகவில்லை. பார்த்தார், ரூபினி. முழுதாகப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் முள்கரண்டியால் ஒரு தக்காளியைப் பிளந்து என் தட்டில் வைத்தார். "சாப்பிடு, நேரமாச்சு" என்றார்.

கலிரோயி கடை வாசலுக்குப் போய்ப் பெட்டியோடு தொப்பிகளைத் தூக்கி வந்து ஒவ்வொன்றாகக் கிளைகளில் மாட்டினாள். எங்கள் மரத்தடிக்கு இப்போது அவன் படுக்கைகள் வருவதில்லை. அடுத்த மரத்துக்காக இன்னும் சண்டை போடுகிறோம், அதையும் விடுவதாக இல்லை. வீட்டில் மதியம் அடுப்பு எரிவதில்லை. உன் அத்தான் கொஞ்சம் இளைத்திருக்கிறார், அழகாகவே இருக்கிறார்.

இனி உன் கடைசி வரி. "அக்குள்ல சின்னதா ஒரு கட்டி, பட்டாணி அளவுதான், வலியே இல்லை, பேரன் ஞானஸ்நானம் முடியட்டும், பாத்துக்கலாம்." என்னுடையதும் வலிக்கவில்லையடி. திங்கட்கிழமை டாக்டரிடம் போ. ஞானஸ்நானம் காத்திருக்கும், பிள்ளை அழுக்காகிவிடமாட்டான். பயமாக இருந்தால் பயத்தோடேயே போ. மகனிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் நான் சொல்கிறேன். என்னைப் பார்க்க வேண்டுமா, வந்து பார். மறைக்க என்னிடம் இனி எதுவும் இல்லை, நான் இன்னும் நேராகத்தான் நீந்துகிறேன். நீ எனக்கு வேண்டும், ரூபினி.

உன் தொப்பி என் தொப்பிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நேற்று ஒரு சுற்றுலாக்காரி அதன் கீழே துண்டை விரிக்கப் போனாள். "அந்த எடத்துக்கு ஆளு இருக்கும்மா, வந்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிக் கலிரோயி அவளை அனுப்பிவிட்டாள். கலிரோயியைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

மாதா உன்னை இரும்பாக வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
ஸ்தமாத்தா