எட்டு எண்ணும்போது

என்னிடமிருந்து தப்பித்து வெளியூரில் நிம்மதியாக வேலை பார்க்கும் வீட்டுக்காரருக்கு,

பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். நாலு வயதாகியும் பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு அதுவரை பொறுக்க முடியுமா? மருந்துக்கடை மாடியில் தனியாகப் பயிற்சி கொடுக்கும் பேச்சு டீச்சரைப் பிடித்தேன்.

"தங்கம், பந்து வேணுமா, கார் வேணுமா?" என்று டீச்சர் நம் மகளிடம் கேட்டார்.

"அவளுக்குப் பந்துதான் பிடிக்கும்" என்றேன்.

"பசிக்குதா கண்ணு?"

"இப்பத்தான் சாப்பிட்டா."

டீச்சர் சிரித்துவிட்டார். "அம்மா, இன்னிக்கு வைத்தியம் உங்களுக்குத்தான். நான் ஒண்ணு கேட்டா, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. வாயைத் திறக்கக் கூடாது."

நானாவது, பேசாமல் பத்து எண்ணுவதாவது! கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மறுபடியும் பந்தா, காரா என்று கேட்டார். நான் எட்டு எண்ணும்போது நம் மகள் காரைத் தொட்டு, "கா" என்றாள்.

இத்தனை நாளும் அவள் கையில் பந்தைத் திணித்திருக்கிறேன்.

'அவளைப் பேச விடு' என்று போன லீவில் நீங்கள் சொன்னதற்குச் சண்டை போட்டேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுத மாட்டேன். அப்புறம் உங்களுக்குத் தலைகால் புரியாது.

ஞாயிற்றுக்கிழமை போனை அவள் காதில் வைத்துவிடுவேன். சத்தமே வராவிட்டாலும், லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாயடைத்து நிற்கும் உங்கள் வீட்டுக்காரி