செத்தவர் எழுந்து போகக் கூடாது

அன்பு மாறாத மச்சான் சாமுவேலுக்கு,

எழுந்திருக்காதே, உட்கார். இது நீ போட்ட விதி. ஆட்டத்தில் செத்தவர் எழுந்து போகக் கூடாது. தன் இடத்திலேயே இருந்து மற்றவர்கள் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டும். பதில் பேசக் கூடாது. அன்றைக்கு உன் வீட்டில் உன் பெண்டாட்டி ரோசி பேசினாள். என் முறை வருவதற்குள் பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி வந்துவிட்டது. அந்த முறை எனக்கு இன்னும் பாக்கி. அதை இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. புத்தகம் முடிந்துவிட்டது. நீ பாதியில் விட்டுப்போன 'இறந்தோர் உலகங்கள்' அதிகாரத்தையும் முடித்துவிட்டேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் உன் கையெழுத்தைப் படிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மொத்தக் காகிதக் கட்டையும் தூக்கினால் தோள்பட்டை இறங்குகிறது. உலகத்தில் எத்தனை சாதி சனம் உண்டோ, அவர்கள் கும்பிட்ட சாமி, பயந்த பூதம், செத்தபின் போன ஊர் எல்லாம் அதில் இருக்கிறது. ஆடுகிறவர்களுக்கு எந்தக் கதை வேண்டுமோ அதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு இது என்ன ஆட்டம் என்று தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். எதிரில் ஆறு வந்தால் நீந்துவதா, படகுக்காரனைக் கெஞ்சுவதா என்று அவரவர்தான் முடிவெடுக்க வேண்டும். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் எண் போட்ட கட்டையை உருட்ட வேண்டும். அவ்வளவுதான். என் மகனுக்கு இது இன்றுவரை புரியவில்லை. "அப்பா, வயசான காலத்துல வெளாட்டு புக்கு எழுதுறேன்னு வெளிய சொல்லிக்கினு திரியாத, பேஜாரா கீது" என்கிறான். நான் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நம் காகித மில் உனக்கு நினைவிருக்கும். மறக்க முடியுமா? கப்பலில் வந்த வெளிநாட்டுப் பழைய காகிதம் கட்டுக்கட்டாக இறங்கும். அதைப் பிரித்து, கம்பியையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கிவிட்டுக் கூழ்த் தொட்டிக்கு அனுப்புவது உன் வேலை. இயந்திரம் நின்றுபோனால் ஸ்பேனரோடு ஓடி வருவது என் வேலை. ஒருநாள் நீ பெல்ட்டை நிறுத்தச் சொல்லிக் கத்தினாய். யாருக்கோ கை மாட்டிக்கொண்டது என்று பதறி ஓடி வந்தேன். நீ அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாய். உள்ளே பாம்புத் தலை வைத்த ஒரு பெண்ணின் படம். "நம்ம ஊரு அம்மன் மாரியே கீது பாரேன்" என்றாய். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு, "கூழாப் போறதுதானே, எடுத்துக்கினு போய்த் தொல" என்றார்.

அட்டை இல்லாததால் அந்த ஆட்டத்தின் பெயரே நமக்குத் தெரியாது. நடுவில் பல பக்கங்களும் இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தோம். அதன்பிறகு கட்டுகளில் சாமி பூதம் என்று எது வந்தாலும் ஒதுக்கி வைத்தாய். பாதிக் கதை ஒரு கப்பலில் வரும், மீதிக் கதை வரவே வராது. அந்த மீதிக்காக நாம் நூலகம் நூலகமாக அலைந்தோம். உருட்டுவதற்கு அறுகோணப் பித்தளைக் கம்பியில் விரல் நீளம் அறுத்து, ஒவ்வொரு பட்டைக்கும் எண் பஞ்ச் அடித்துக் கொடுத்தேன். தாயக்கட்டை மாதிரி உள்ளங்கையில் உரசி உருட்டினாய். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

நமக்குள் சண்டை வராத நாள் உண்டா? சாமிகளுக்கும் பலம் இவ்வளவு, அறிவு இவ்வளவு என்று எண் போட வேண்டும் என்றேன் நான்.

"சாமிக்கு மார்க்கு போட நீ இன்னா வாத்தியாரா? நீயே எட்டாவது பெயிலு" என்றாய்.

"நீ மட்டும் இன்னா பெரிய படிப்பு?"

"நானு ஒம்போதாவது பெயிலு. உன்னைவிட ஒரு கிளாஸ் ஒசத்தி. சொல்றத கேளு."

கேட்டேன். அந்த ஒரு விஷயத்தில்தான் உனக்கு விட்டுக்கொடுத்தேன். உன் சபைப் போதகர் அந்நிய தெய்வங்களைத் தொடாதே என்று உன்னைக் கடிந்துகொண்டார். எங்கள் தெருவில் நம்ம அம்மனை விளையாட்டில் வைப்பதா என்று என்னைக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு எழுதிய புத்தகம் இது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆரம்பாக்கத்தில் உன் வீட்டு முன்னறை. நீ சர்ச்சுக்குப் போய் வந்து லுங்கிக்கு மாறியிருந்தாய். எழுதிய பகுதியை ஆடிப் பார்த்தோம். கதை சொன்னது நான். உன் வீரன் செத்தவர்களை நிறுத்துப் பார்க்கும் மண்டபத்துக்கு வந்தான். அவன் இதயத்தை ஒரு தட்டில் வைத்தார்கள், மறு தட்டில் ஒரு இறகு. கட்டையை உருட்டினாய். ஒன்று விழுந்தது. இதயம் கனத்துத் தட்டு இறங்கியது. முதலை வாய் மிருகம் வந்து அதை விழுங்கிவிட்டது. நீ சிரித்தாய். ஏன் சிரித்தாய் மச்சான்?

அப்புறம் எழுந்தாய். ரோசி விடவில்லை.

"எங்க எழுந்துக்கினு போற?"

"நான்தான் செத்துட்டேனே. கடைக்குப் போய் டீ குடிச்சிட்டு வரேன்."

"செத்தவன் எங்கனா டீக்கடைக்குப் போவானா? குந்துய்யா."

நீ உட்கார்ந்தாய். அவள் காலை நீட்டி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, உன் எதிரில் ஒப்பாரி வைத்தாள். முதலில் எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். இரண்டு அடி போனதும் அவள் குரல் மாறிவிட்டது. "ஊரு ஒலகத்து சாமியெல்லாம் குப்பையில இருந்து பொறுக்கியாந்தியே, எனக்கு ஒரு மொழம் மல்லி வாங்கியாந்தியா? என் தம்பி கல்யாணத்துல மொறச்சிக்கினு வாசல்லயே நின்னியே, நான் யார் மூஞ்சில முழிச்சேன்னு ஒரு நாளு கேட்டியா?" நீ வாயைத் திறந்தாய். "வாய மூடு. நீ பொணம்" என்றாள். நீ மூடிக்கொண்டாய். மில்லே நடுங்கச் சண்டை போடுகிற சாமுவேல் வாய் மூடி இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். தெருவில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். உள்ளே வந்து பார்க்காமலேயே ஒரு புண்ணியவான் ஐஸ் பெட்டிக்காரனுக்குப் போன் போட்டுவிட்டான். வண்டி வந்து வாசலில் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "பாடி எங்க?" என்றான். நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய், "நான்தாம்ப்பா, இன்னும் கொஞ்ச நாளு கீது, நீ கெளம்பு" என்றாய். தெருவே சிரித்தது. ரோசி மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள்.

அட்டை கிழிந்த புத்தகத்தில் பாத்திரம் செத்தால் என்ன செய்வது என்ற பக்கம் இல்லை. அன்று மாலையே நீ அதை எழுதினாய். செத்தவர் எழுந்து போகக் கூடாது. மற்றவர்கள் ஆளுக்கொரு முறை அவரிடம் பேச வேண்டும். எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் அடுத்த ஆட்டம்.

சில மாதம் கழித்து நிஜமாகவே போய்விட்டாய். காலையில் மார்பு வலி என்றாய், சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. அதே வண்டி, அதே டிரைவர். இந்த முறை அவன் எதுவும் கேட்கவில்லை.

ரோசி அழவில்லை மச்சான். சனம் என்னென்னவோ பேசியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அழுதுடும்மா" என்றேன். "சொல்ல வேண்டியதெல்லாம் அன்னிக்கே சொல்லிட்டேண்ணா. அவரும் கேட்டுக்கினு குந்தினு இருந்தாரு. அப்பறம் வாரம் தவறாம பூ வாங்கியாந்தாரு. இன்னும் இன்னாத்த சொல்றது?" என்றாள். உன் பெட்டியின் மேல் அவள் வைத்ததும் ஒரு முழம் மல்லிதான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தப் புத்தகத்தில் எது போனாலும் நீ விதி எழுதிய அந்தப் பக்கம் போகக் கூடாது.

சென்னையில் ஒரு பதிப்பகம் கிடைத்தது. நித்யா என்று ஒரு பெண் அங்கே ஆசிரியர். கெட்டவள் இல்லை, முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "சார், ரொம்பப் பெருசா இருக்கு, குறைக்கணும்" என்றாள். பனி நாட்டுச் சாமிகளைப் பற்றி நான் எழுதிய அதிகாரத்தை எடுத்துவிடச் சொன்னேன். அதற்காக எத்தனை நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரியும். அவள் அதோடு நிற்கவில்லை. "இந்தச் செத்தவர் விதியும் வேண்டாம் சார். கேரக்டர் செத்தா புதுசா ஒண்ணு போட்டுக்கிட்டு ஆடுவாங்க. எல்லா கேம்லயும் அதான்" என்றாள்.

"புதுசா போட்டுக்கலாம்னு சொல்ற பக்கம் எங்களுக்குக் கெடைக்கலம்மா. கெடைச்சிருந்தா நாங்களும் அப்படித்தான் ஆடிக்கினு இருந்திருப்போம். கெடைக்காததே நல்லது" என்றேன்.

ஒருமுறை ஆடிப் பார்த்து முடிவு செய்யலாம் என்றாள். ரோசியையும் அழைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். அவர்கள் அலுவலகத்தில் நாலைந்து இளைஞர்கள். நன்றாகத்தான் ஆடினார்கள். யமவாசல் நாயிடம் ஒருவனுடைய பாத்திரம் செத்தது. அவன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தான். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தான். மற்றவர்களைப் பேசச் சொன்னேன். "போய்ட்டு வா ப்ரோ" என்றான் ஒருவன். இன்னொருவன், "சாகுறதுக்கு முன்னாடி உன் வாளை எனக்குக் குடுத்திருக்கலாம்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு மேல் யாருக்கும் பேச்சு வரவில்லை. நித்யா என் முகத்தைப் பார்த்தாள். நான் தோற்றுப்போன மாதிரிதான் இருந்தது.

"ஒண்ணு செய்யலாம் சார். கடைசியில ஒரு பெட்டி கட்டி, விருப்பப்பட்டா இதைப் பின்பற்றலாம்னு போட்டுடலாம்" என்றாள்.

விருப்பமா? உன்னிடம் யாராவது விருப்பம் கேட்டார்களா? என்னிடம் கேட்டார்களா? "விருப்பம் இல்லம்மா, விதி" என்று சொல்லிவிட்டுக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை வந்து, "யோசிங்க சார்" என்றாள். யோசிக்க ஒன்றுமில்லை.

ரயில் பொன்னேரியைத் தாண்டியது. ரோசிதான் பேசினாள். "அந்தப் பசங்க மேல கோச்சிக்காதண்ணா. அதுங்க இன்னும் யாரையும் சாவு குடுக்கல. இப்போ சிரிக்கும். ஒரு நாளு அதுங்களுக்கும் இந்த விதி வேணும்னு ஆவும். அன்னிக்கு எடுத்துப் பாக்க அந்தப் பக்கம் புஸ்தகத்துல இருக்கணும், அவ்ளோதான்."

நீ சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள். நீ எங்கே பேசப்போகிறாய்?

இப்போது என் முறை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் கோபம். பாதி அதிகாரத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனதற்கு இல்லை. அதை முடித்துவிட்டேன். முடித்த அன்று, கடைசி வரியில் தப்பு கண்டுபிடிக்க ஆள் இல்லை. அதற்குத்தான் கோபம். நான் எழுதியது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. எனக்கு அது பழக்கமில்லை. "எட்டாவது பெயிலு" என்று ஒருமுறை சொல்ல மாட்டாயா என்றிருக்கிறது.

வாயைத் திறக்காதே. விதி.

கும்மிடிப்பூண்டி பஜாரில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிக்கிற கடை இருக்கிறதே, உன் போஸ்டரை அடித்ததும் அங்கேதான். கடைக்காரர் உன் படத்தை இன்னும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார். புத்தகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து அங்கேயே அடிக்கப் போகிறேன். முதல் பகுதி 'இறந்தோர் உலகங்கள்'. அதன் முதல் பக்கத்தில் உன் விதி, ஒரு எழுத்து மாறாமல். பனி நாட்டுச் சாமிகளும் திரும்பி வருவார்கள். யாருக்காகவும் எதையும் குறைக்க வேண்டிய அவசியம் இனி எனக்கு இல்லை. அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். உன் பெயர் மேலே. ஒரு கிளாஸ் ஒசத்தி இல்லையா.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முதல் பகுதி வருகிற ஞாயிற்றுக்கிழமை, நீ சர்ச்சிலிருந்து திரும்பும் நேரத்துக்கு, ஆரம்பாக்கத்தில் உன் வீட்டு முன்னறையில் ஆட்டம் தொடங்கும். கதை சொல்வது நான்தான். உன் இடத்தில் யாரையும் உட்கார விடமாட்டேன். அங்கே உன் பித்தளைக் கட்டை இருக்கும், ஒரு டம்ளர் டீ இருக்கும். கடைக்குப் போகிறேன் என்ற சாக்கு இனி செல்லாது. ஆளுக்கொரு முறை பேசுவோம். எல்லோரும் பேசி முடிக்கும்வரை ஆட்டம் முடியாது. நான் அவ்வளவு சீக்கிரம் முடிக்கப் போவதில்லை.

அதுவரைக்கும் குந்து மச்சான்.

ரோசிக்கு அண்ணனாகி, அதனால் உனக்கு மச்சானாகிப்போன
கோதண்டம்,
எளாவூர்